தறிகளுக்கு மேலே ஒரு குரல்

எனக்குக் குழு வேலை என்றாலே ஆகாது. அலுவலகத்தில் இருந்த காலத்தில் யாராவது "நாம எல்லாரும் ஒரே குரல்ல பேசணும் சார்" என்று ஆரம்பித்தால், தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து வெளியே போய்விடுவேன். திமிர் பிடித்தவன் என்று பேர் வாங்கியிருக்கிறேன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பேய்க்கதை என்பார்கள். இதில் பேய் இல்லை, யாரும் சாகவும் இல்லை. பேச்சு வராத ஒருவனுக்குப் பேச்சு வந்தது, அவ்வளவுதான்.

எழுபதுகள் முடிகிற நேரம். எம்.பி.ஏ. என்றால் என்னவென்று மதுரையில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் கோச்சடை வீட்டுக்கு வந்த சித்தப்பா, "அதப் படிச்சா டாக்டரா, வக்கீலா?" என்று கேட்டார். "மேனேஜர்" என்றேன். "அதுக்கு எதுக்குப்பா ரெண்டு வருசம் படிக்கணும்? மொதலாளி வீட்டுக்கு மாப்பிள்ளையாப் போனாப் போதுமே" என்றார். அப்பா சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்துவிட்டார்கள். படிப்பு முடியும்வரை அதே நான்கு பேர். கேஸ் படிப்பது, கடைகளுக்குச் சர்வே போவது, அறிக்கை எழுதுவது எல்லாம் சேர்ந்துதான். கேஸ் என்பது ஏதோ ஒரு கம்பெனிக்கு வந்த சிக்கலைச் சொல்லும் சில சைக்ளோஸ்டைல் தாள்கள். அந்தச் சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று வகுப்பின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் விளக்க வேண்டும். மார்க் நான்கு பேருக்கும் ஒன்றே. ஒருவன் சறுக்கினால் நான்கு பேரும் சேர்ந்து விழ வேண்டியதுதான்.

இதில் எங்கள் பேராசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவில், பேனாவால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். பேசுகிறவர் அந்த இடத்திலேயே வாயை மூட வேண்டும். அவருடைய விரல் யாரைக் காட்டுகிறதோ அவர் அடுத்த வார்த்தையிலிருந்து தொடர வேண்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது, 'என் நண்பர் சொன்னதுபோல' என்று இழுக்கக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒரே ஆள் பேசுவதுபோல இருக்க வேண்டும். "கம்பெனிக்கு நாலு வாய் இருக்கக் கூடாது" என்பார். நாங்கள் அதற்குத் 'தட்டு' என்று பேர் வைத்தோம். தட்டு நாளன்று காலையில் யாருக்கும் இட்லி இறங்காது.

எங்கள் நால்வரில் ஒருத்தி செல்லூர்க்காரி. சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் அவர்கள் பாஷை, வீட்டுக்குக் கீழேயே பவர்லூம். எதையும் ஒருமுறை படித்தால் மறக்காத பெண். இன்னொருவன் டவுனில் பிறந்து வளர்ந்த வாயாடி. விஷயம் தெரியாவிட்டாலும் தெரிந்தவனைவிட நன்றாகப் பேசுவான். மூன்றாவது ஆள் நான். நான்காவது ஆள் டி. கல்லுப்பட்டியிலிருந்து வந்தவன். எங்களில் அதிகம் படித்தவனும் ஆழமாக யோசித்தவனும் அவன்தான். அவனுக்குத் திக்குவாய்.

அதைப் பற்றி வெட்கப்படுகிறவன் இல்லை. பழகிய சில நாட்களிலேயே அவனே கேலி செய்துகொள்வான். "மா... மா... மாப்ள, நான் வீட்டுக்குப் போனா வா... வாசல்ல 'யம்மா'ன்னு ஆரம்பிப்பேன். அடுப்படிக்குப் போறப்பத்தான் மு... முடியும். அதுக்குள்ள எங்கம்மா தட்டுல சோத்தப் போ... போட்டு வச்சிரும்." சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். அப்பா இல்லாத வீடு. அம்மா அங்கே ஓர் ஆசிரமத்தின் சமையல்கூடத்தில் வேலை பார்த்து இவனைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் தட்டில் பேராசிரியரின் விரல் அவனைக் காட்டியது. அடுத்த வார்த்தை 'ப'வில் ஆரம்பிக்கும் ஆங்கில வார்த்தை. அவன் உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு பிரியவே இல்லை. கழுத்து நரம்பு புடைத்தது. வகுப்பில் ஒரு சிரிப்புக்கூட இல்லை, அதுதான் கொடுமை. பேராசிரியர் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி மேசையைத் தட்டினார்.

மார்க் போனதை விடுங்கள். அந்தக் கோடையில் பயிற்சிக்கு ஆள் எடுக்க ஒரு மில்லிலிருந்து வந்தார்கள். அவன் உள்ளே போனான், கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தான். "பே... பேரக் கேட்டாக மாப்ள" என்றான். கேண்டீன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "சொந்தப் பேரச் சொல்ல முடியாதவனுக்கு எவன் வே... வேலை கொடுப்பான்?" என்று கேட்டான். படிப்பு முடியும்போது மெட்ராஸிலிருந்து கம்பெனிகள் வரும். அங்கேயும் முதல் கேள்வி பேர்தான். அதில் அவன் தேறாவிட்டால் அவன் அம்மா அடுப்படியில் நின்ற வருஷங்கள் அத்தனையும் வீண். அது எங்கள் நால்வருக்கும் அன்றைக்கே புரிந்தது.

அதனால்தான் செல்லூருக்குப் போனோம். வகுப்பறையில் பழகினால் அடுத்த குழு ஒட்டுக்கேட்கும். எங்கள் வீட்டில் இடம் இல்லை. அந்தப் பெண், "எங்க வீட்டு மாடிக்கு வாங்க. கீழ தறி ஓடும், நாம கத்தினாலும் யாருக்கும் கேக்காது" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் சந்து சந்தாக நுழைந்து, சாயத் தண்ணீர் ஓடும் சாக்கடைகளைத் தாண்டி அங்கே போவோம். மாடியில் நூல் மூட்டைகள் அடுக்கிய ஓர் அறை. தரை கிடுகிடுவென்று அதிரும். முதல் நாள் அந்தச் சத்தத்தில் எனக்குத் தலையே வலித்தது. பக்கத்தில் இருப்பவன் உரக்கப் பேசினால் கேட்கும், நாமே பேசுவது நமக்குச் சரியாகக் கேட்காது.

அவன் வாயைத் திறந்தான். கடகடவென்று பேசினான்.

எங்களைவிட அவன்தான் பயந்துபோனான். பிறகு யோசித்துப் பார்த்தால் மர்மம் ஒன்றும் இல்லை. தன் பேச்சு தன் காதில் விழாததால் அவனுக்கு நாக்கு இடறவில்லை. தறிக்கு ஒரு தாளம் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் பேசிக்கொண்டே போனான். நாங்கள் மூவரும் அவனுக்காக அந்தத் தாளத்துக்கே மாறினோம். முகத்தைப் பார்த்தால் யாருடைய முறை என்று தெரிந்துவிடுகிறது என்பதால், ஆளுக்கொரு சுவரைப் பார்த்து, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒருவர் பேசி, நூல் சுற்றும் கட்டையால் தரையில் தட்டினால், அடுத்தவர் தொடர வேண்டும். வாயாடியின் துணிச்சல், அந்தப் பெண்ணின் நிதானம், எங்கே மூச்சு வாங்குவது என்ற என் பழக்கம், தறியின் வேகம், எல்லாம் கலந்து ஒரு பேச்சு உருவானது. அது எங்களில் யாருடையதும் இல்லை. கொஞ்சம் கனத்த, அவசரமே இல்லாத, எதிலும் சந்தேகம் இல்லாத குரல். சில வாரங்களில் கட்டை தேவைப்படவில்லை. பேச்சு தானாகவே ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்குப் போனது. எனக்குப் பெருமையாக இருந்தது. எங்களைப்போல ஒரு குழு இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சோப்புக் கம்பெனியின் கேஸைச் சொல்லிக்கொண்டிருந்தோம். கரண்ட் போனது. கீழே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. தெருவே அடங்கியது. பேச்சு நிற்கவில்லை. அந்த அமைதியில் அதே தாளத்தில், அதே கனத்தில், அது சுவர் சுவராகப் போய்க்கொண்டிருந்தது. நான் சுண்ணாம்பு உதிர்ந்த என் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முடிவுரை வந்தது, கடைசி வாக்கியம் வந்தது, நின்றது.

நாங்கள் திரும்பி உட்கார்ந்தோம். "முடிவுரை பிரமாதம்டா" என்று நான் வாயாடியிடம் சொன்னேன். "நீதானே சொன்ன?" என்றான் அவன். நான் இல்லை என்றேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் பார்த்து, "நான் உங்கள்ல ஒருத்தர்னு நினைச்சேன்" என்றாள். கல்லுப்பட்டிக்காரனைப் பார்த்தோம். அவன் தலையாட்டினான். இல்லை என்றா, தெரியாது என்றா என்பது விளங்கவில்லை.

அப்போது அந்தப் பெண்ணின் அத்தை காபி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். தட்டில் ஐந்து தம்ளர் இருந்தது. எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு அவர்கள் பாஷையில் என்னவோ கேட்டார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன கேக்குறாங்க?" என்றேன்.

"இங்கிலீஷ் பேசுற அந்த ஆள் எங்கன்னு கேக்குறாங்க."

அத்தைக்கு எங்கள் நால்வரின் குரலும் தெரியும். ஒவ்வொரு வாரமும் வாசலில் வைத்து எங்களிடம் பேசுகிறவர்தான். தறி நின்றதும் மாடியிலிருந்து அவருக்குக் கேட்டது அந்த நான்கில் எதுவும் இல்லை. நாங்கள் போய் யாரையோ அழைத்து வந்திருக்கிறோம் என்று நினைத்து இன்னொரு தம்ளர் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வாயாடி சத்தமாகச் சிரித்து, "அவரு கிளம்பிட்டாரு அத்தை" என்று சொல்லி அந்தக் காபியையும் குடித்தான். நான் என் காபியைத் தரையில் வைத்துவிட்டேன். அத்தை இறங்கிப் போகும்போது நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த தட்டில் பேராசிரியர் எங்கள் பேச்சின் நடுவே பலமுறை மேசையைத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவர் தட்டாமலேயே பேச்சு ஆள் மாறிப் போய்க்கொண்டிருந்தது. வகுப்பிலேயே அதிக மார்க் எங்களுக்குத்தான். ஆனால் வெளியே வரும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "போதும்ப்பா. இதுக்கு மேல பழக வேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நாங்கள் மூவரும் அந்தக் குரலை வகுப்பு வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். வாயாடி மறுபடி வாயாடி ஆகிவிடுவான். ஒரே ஒருநாள் வீட்டில் நான் ஏதோ சொல்லும்போது அப்பா நிமிர்ந்து பார்த்து, "யாருகிட்டடா பேசுற?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கவனமாக இருந்தேன்.

கல்லுப்பட்டிக்காரன் மட்டும் அதைக் கழற்றவில்லை. ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் மட்டும்தான் அது வரும், தமிழில் பழையபடி திக்குவான். ஒருநாள் நாங்கள் எல்லாரும் டீக்கடையில் நிற்கும்போது, என் முதுகுக்குப் பின்னால், "அண்ணே, நாலு டீ" என்று கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பப் பிடிக்கவில்லை. செல்லூர் மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் கேட்ட அதே குரல், அதே கனம், தமிழில் வந்திருந்தது. மற்ற இருவரும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். டீ மாஸ்டர்கூடச் சிரித்தார். நானும் கைகொடுத்தேன். அவன் கை சில்லென்று இருந்தது.

அதற்கப்புறம் அவன் திக்கவே இல்லை. கேலியும் செய்வதில்லை. கேலி செய்ய வேண்டிய இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்தி, பேசி முடித்துவிடுவான். ஒரு சாயங்காலம் பாலத்தின் மேல் நடந்து வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை. கீழே வைகையில் மணல்தான் கிடந்தது, சலவைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மாப்ள, நம்ம ரெண்டு பேருதானே இருக்கோம். உன் குரல்ல பேசேன்" என்றேன்.

அவன் நின்றான். "எது என் குரல்?" என்றான். "அந்தத் திக்கலா?"

ஊரெல்லாம் அவனைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்ட அந்தத் திக்கலைத் திருப்பிக் கேட்க எனக்கு என்ன உரிமை? "அது இல்லடா" என்று இழுத்தேன். "பின்ன எது?" என்றான். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அந்தக் குரலில் கோபத்துக்கு இடமே கிடையாது, நாங்கள் அதைச் சேர்க்கவில்லை. எனக்கு அவனோடு நடந்து போகவே பயமாக இருந்தது. ஏதோ ஜோலி இருப்பதாகச் சொல்லிவிட்டு முன்னால் வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

மெட்ராஸ் கம்பெனி வந்தது. அவனுக்கு முந்தைய ஆள் நான். வெளியே வந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பேர் கேட்டார்கள். அவன் சொன்னான். பிசிறே இல்லாமல், நிறுத்தி நிதானமாக, வேறு யாரையோ அறிமுகம் செய்து வைக்கிறவனைப்போலச் சொன்னான். அன்றைக்கு எங்கள் வகுப்பில் வேலை கிடைத்தது அவன் ஒருவனுக்குத்தான். எனக்குப் பொறாமை வரவில்லை என்றால் பொய். ஆனால் பொறாமையைவிட சந்தோஷம் பெரிதாக இருந்தது. அவன் ஜெயித்துவிட்டான், அந்த அம்மா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஊருக்குப் போய் அம்மாகிட்ட நேர்ல சொல்லணும். நீயும் வா" என்றான். அந்த நல்ல நாளில் மறுக்க மனசு வரவில்லை. மறுநாள் காலையில் கிளம்பினோம். திருமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல், பருத்தி எடுத்த காடு, நடுவில் அங்கங்கே உடைமரம். வழி முழுக்க அவன் பேசிக்கொண்டே வந்தான். இத்தனை மாதமாக அவன் ஊருக்குப் போகும்போதெல்லாம் பேச்சு எப்படி என்று கேட்டேன். வீட்டில் அதிகம் பேசுவதில்லை, அம்மாவைத் திடீரென்று அசத்த வேண்டும் என்று வைத்திருந்தேன் என்றான். "வாயத் தொறந்தா பழசு வந்திருமோன்னு பயம். இன்னிக்கு அந்தப் பயம் இல்ல" என்றான்.

வீடு ஒற்றை அறை, பின்னால் அடுப்படி, முன்னால் வேலியும் படலும். படலைத் திறந்து அவன், "அம்மா" என்று கூப்பிட்டான். ஒரே மூச்சில், அழகாக.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "யாரு? அவன் ஊர்ல இல்லியே தம்பி" என்று ஓர் அம்மாளின் குரல் வந்தது. "மதுரைல படிக்கிறான். ஞாயித்துக்கிழம வந்தா வருவான்."

அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அவனைப் பார்த்து, என்னைப் பார்த்து, பேசியது யார் என்று மறுபடியும் அவனைப் பார்த்தார். அவன் வேலை கிடைத்ததைச் சொன்னான். கம்பெனியின் பேரைச் சொன்னான், தன் பேரைச் சொன்னான். அவர் அழுதார். அவன் வாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சின்ன வயதில் அவனுக்கு வரவே வராத சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். பம்பரம், பாப்பாத்தி, கல்லுப்பட்டி. அவன் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், கையெடுத்துக் கும்பிட்டார்கள். நான் ஓரமாக நின்று அந்தச் சந்தோஷத்தில் கலந்துகொள்ளப் பார்த்தேன்.

சாப்பாடு போட்டார். எனக்குக் குழம்பு ஊற்றிவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா தம்பி?" என்றார். அடுத்து அவன் இலைக்குப் போய், "உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவன் கவனித்ததாகத் தெரியவில்லை. நன்றாக இருக்கிறது என்று, நிறுத்தி, சொன்னான்.

நாங்கள் கிளம்பும் நேரம் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒரே ஒருக்கா பழைய மாதிரி கூப்பிடுய்யா. வாசல்ல இருந்து. ஒரே ஒருக்கா."

அவன் என்னைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டுப் படலுக்குப் போனான். அவர் அடுப்படிக்குப் போய் ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றார். நான் நடுவில் நின்றிருந்தேன்.

"ய..." என்று ஆரம்பித்தான். நிறுத்தினான். "ய..." என்றான். படல், முற்றம், நிலைப்படி. ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நிறுத்த வேண்டுமோ அவ்வளவு நிறுத்தினான். ஒவ்வொரு 'ய'வும் ஒரே அளவு, ஒரே கனம். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. என் காலடியில் தரை அதிர்வதுபோல எனக்குத் தோன்றியது. சரியாக அடுப்படி வாசலுக்கு வந்து, "யம்மா" என்று முடித்தான்.

அவர் திரும்பினார். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வெளியாள் முன்னால் பேசும் தணிந்த குரலில் சொன்னார்.

"அப்படியே என் மகன் மாதிரியே கூப்பிடுறாருல்ல தம்பி."

தட்டு அவர் கையிலேயே இருந்தது.